சாமியின் கொக்கி

குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மதியம், என் புருஷன் லியன்ஹார்ட் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கொண்டை ஊசியால் நகத்துக்கடியில் இருந்த மையைத் தோண்டிக்கொண்டிருந்தார். மறுநாள் பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போது கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அச்சுக்கூடத்தில் வேலை செய்கிறவருக்கு அது நடக்காத காரியம். சாம்பல் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்ததில் இடது கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"ஒரு விரலாவது மோட்சத்துக்குப் போகும், புர்கா," என்று என்னிடம் சொன்னார்.

நான் உப்பு மீனை அலசிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டியது நகரக் காவலர். தெரிந்த மனிதர்தான், எங்கள் தெருக்காரர். அவர் தொப்பியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. லியன்ஹார்ட் ஊசியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கூடவே போனார். மீன் அடுப்பில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன் என்றார்.

அவர் செபால்டு மாஸ்டரின் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைக் கோர்க்கிறவர். அங்கே அச்சான புத்தகங்களில் பாதி ஒரே சண்டையைப் பற்றியவை. எங்கள் கத்தோலிக்கர் பக்கத்திலிருந்து எழுதுகிறவர் எங்கள் கோயில் குருவான கொர்பினியன் சாமி. டான்யூபில் படகேறிக் கீழே போனால் ரீகன்ஸ்பர்க், அது லூத்தர்காரர்களின் ஊர். அங்கிருந்து எழுதுகிறவர் யோப்ஸ்ட் ஹாஃப்னர் என்ற போதகர். ஒருவர் 'தெளிவான விளக்கம்' என்று ஒன்று போடுவார். மற்றவர் 'தெளிவற்ற விளக்கத்துக்கு மறுப்பு' என்று போடுவார். அதற்கு 'மறுப்பின் தோலுரிப்பு' வரும். அதற்கும் பதில் வரும். இரண்டு பேருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு பேரும் ஓய்வதாக இல்லை.

லூத்தர்காரர் எழுதியது எதுவும் எங்கள் ஊருக்குள் தனியாக வரக் கூடாது. விற்றாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம். ஆனால் ஒருவரை மறுக்க வேண்டுமென்றால் அவர் என்ன சொன்னார் என்று காட்டியாக வேண்டுமே. அதனால் ஹாஃப்னரின் ஒவ்வொரு பத்தியையும் ஒரு சொல் விடாமல் சின்ன எழுத்தில் போடுவார்கள். அதன் கீழே சாமியின் பதில் பெரிய எழுத்தில் வரும். எதிராளிக்குச் சின்னது, நமக்குப் பெரியது. ரீகன்ஸ்பர்க்கிலும் அதே வழக்கம்தான், பக்கம்தான் மாறும். ஆகவே எங்கள் ஊரில் ஹாஃப்னரைப் படிக்க விரும்பியவர்கள் கொர்பினியன் சாமியின் புத்தகத்தை வாங்கினார்கள். பீர் வடிக்கிறவரின் மனைவி ஒன்று விடாமல் வாங்குவாள். ஒருநாள் கடையிலேயே நின்று புரட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "எனக்கு இந்தப் பெரிய எழுத்து கண்ணைக் கூசுதுங்க மாஸ்டர். சின்ன எழுத்துதான் வசதியா இருக்கு," என்றாளாம். செபால்டு மாஸ்டர் காது கேளாதவர் போல இருந்துவிட்டார்.

நான் படிக்கக் கற்றதும் இந்தச் சண்டையில்தான். கறை விழுந்து கெட்டுப்போன தாள்களை லியன்ஹார்ட் பாலாடைக்கட்டி சுற்ற வீட்டுக்குக் கொண்டுவருவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்ட, நான் எழுத்துக் கூட்டினேன். ஆகையால் என் வேத அறிவு துண்டு துண்டாகவே வந்தது. செத்தவர்கள் பாவம் தீரும்வரை காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய வாதம் ஒன்று நல்ல இடத்தில் கிழிந்திருக்கும். அதன் முடிவு அடுத்த வாரம் வேறொரு பாலாடைக்கட்டியோடு வரலாம், வராமலும் போகலாம். சாப்பிடும்போது அவர் இரண்டு குரலில் படித்துக் காட்டுவார். ஹாஃப்னருக்கு மூக்கால் ஒரு குரல், சாமிக்குத் தொண்டையைச் செருமிச் செருமி ஒரு குரல். இரண்டு பேர்மேலும் அவருக்கு ஒரு பிரியம் இருந்தது. வருஷக்கணக்காகத் தினமும் பேச்சுக் கேட்கிற இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள்மேல் வருகிற பிரியம் அது.

கொர்பினியன் சாமியின் கையெழுத்தைப் படிக்க எங்கள் ஊரில் லியன்ஹார்ட் ஒருவரால்தான் முடியும். சாமி யோசிக்கிற வேகத்திலேயே எழுதுகிறவர். பாதிச் சொல்லுக்கு வால் இருக்காது, மீதிக்குத் தலை இருக்காது. எல்லாவற்றிலும் மோசம் அவருடைய 'இல்லை'. ஒன்றை மறுத்துச் சொல்கிற சின்னச் சொல்லை அவர் எழுதவே மாட்டார். வரியின் கடைசியில் பேனாவைக் கீழே இழுத்து ஒரு கொக்கி போடுவார், அவ்வளவுதான். கொக்கி இருந்தால் இல்லை, கொக்கி இல்லாவிட்டால் உண்டு. "மறுக்கிறதே தொழிலா வச்சிருக்கிற மனுஷன், அந்த ஒரு சொல்லையாவது முழுசா எழுதக் கூடாதா?" என்று லியன்ஹார்ட் சிரிப்பார்.

இலையுதிர் காலச் சந்தைக்குப் போன புத்தகத்தில்தான் அது நடந்தது. சண்டையின் உயிர்நாடியே ஒரு வாக்கியம்தான். மனிதன் கரையேற விசுவாசம் மட்டும் போதும் என்பார் ஹாஃப்னர். விசுவாசம் மட்டும் போதாது, நற்செயலும் வேண்டும் என்பார் சாமி. அந்தப் புத்தகத்தில், சாமியின் பதிலில், பெரிய எழுத்தில், பக்கத்தின் முதல் வரியில், 'விசுவாசம் மட்டும் போதும்' என்று அச்சாகிவிட்டது. கொக்கி எங்கோ வரியின் ஓரத்தில் மங்கியிருக்க வேண்டும். லியன்ஹார்ட்டின் கண் அதைத் தாண்டிவிட்டது. மெய்ப்பு பார்த்தவர் சாமியேதான். எழுதியவனே திருத்தினால் தாளில் இல்லாத சொல்லும் கண்ணுக்குத் தெரியும். அவரும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எங்கள் ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஹாஃப்னர் கவனித்தார். தவக்காலம் தொடங்கினதும் ரீகன்ஸ்பர்க்கிலிருந்து ஒற்றைத் தாள் ஒன்று வந்தது. 'நீண்ட பயணத்துக்குப் பின் வீடு திரும்பிய கொர்பினியனுக்கு வரவேற்பு' என்று தலைப்பு. படகுக்காரர்களின் சட்டைக்குள் ஒளிந்து வந்து இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சந்தையில் சிரித்தார்கள். கோயில் வாசலிலும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அரண்மனை வரைக்கும் போய்விட்டது.

அங்கிருந்து விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் சட்டம் படித்தவர்கள், கெட்டவர்கள் இல்லை. புத்தகத்தை வரிவரியாகப் பார்த்தார்கள். பார்த்ததில் அவர்களுக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. சாமியின் பெரிய எழுத்தில் பக்கத்துக்குப் பக்கம் பிழை. ஹாஃப்னரின் சின்ன எழுத்தில் பிழையே இல்லை. கத்தோலிக்கனான அச்சுக்கோர்ப்பவன் எதிராளியின் சொல்லை மட்டும் இவ்வளவு பக்தியோடு கோர்ப்பானேன்?

இதற்குப் பதில் எந்த அச்சுக்கூடத்திலும் கிடைக்கும். ஹாஃப்னரின் பத்திகள் ஏற்கனவே அச்சான புத்தகத்தைப் பார்த்துக் கோர்த்தவை. சாமியின் பத்திகள் சாமியின் கையெழுத்தைப் பார்த்துக் கோர்த்தவை. லியன்ஹார்ட் இதைச் சொன்னார், செபால்டு மாஸ்டரும் சொன்னார். கையெழுத்துப் பிரதியைக் காட்டச் சொன்னார்கள். கோர்த்து முடித்த பிரதியை யார் வைத்திருப்பார்கள்? வழக்கப்படி அதைக் கிழித்து, ஒட்டி, வேறொரு புத்தகத்துக்கு அட்டையாக்கியாயிற்று.

அன்று காவலரோடு போனவரைச் சிவப்புக் கோபுரச் சிறையில் வைத்தார்கள். ஆற்றை ஒட்டியது அது, கீழறையின் சுவரில் எப்போதும் ஈரம் வழியும். எதிர்க் கட்சியோடு கூடிக்கொண்டு வேதத்தைப் புரட்டினான் என்று முடிவானால் என்ன தண்டனை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெரிய வெள்ளி கழிந்ததும் நான் கொர்பினியன் சாமியைப் பார்க்கப் போனேன். எனக்கு முன்னாலேயே அவர் விசாரணைக்காரர்களிடம் போய் வந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"தப்பு என் கையிலதாம்மா. போய்ச் சொன்னேன். மெய்ப்புல சரின்னு கையெழுத்துப் போட்டீங்களேன்னாங்க. ஆமான்னேன். அப்ப நீங்க பாத்தப்ப சரியா இருந்திருக்கு, அப்புறம் லியன்ஹார்ட் அந்தச் சொல்லை எடுத்திருக்கான்னாங்க."

"உங்க கையெழுத்தைக் காட்டலாமே சாமி."

"காட்டினேன்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த வாக்கியத்தை எங்க எதிர்லயே எழுதுங்கன்னு பேனாவைக் குடுத்தாங்க. எழுதினேன். ரெண்டு பேர் மேல குனிஞ்சு பாத்துட்டிருந்தா கை எப்படி ஓடும்? பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தா விழுது. 'போதாது'ன்னு குருடன்கூடப் படிச்சிருவான்."

எப்போதும் போல எழுதிக் காட்டுங்கள் என்று மறுபடி சொன்னார்களாம். எப்போதும் எப்படி எழுதுவோம் என்று யோசித்ததும் கை இன்னும் அழகாகிவிட்டது. வேண்டுமென்றே கிறுக்கியிருக்கலாம். ஆனால் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தார், கிறுக்கினால் அது பொய். ஆயுளில் முதல் தடவையாக தன் கையெழுத்து நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான்தான் அவரை உட்கார வைத்தேன்.

பிறகு தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "என் கொக்கியைத் தெரிஞ்சவன் இன்னொருத்தன் இருக்கான். சின்ன வயசுல ஒரே பெஞ்சுல படிச்சோம். அவன் என்னைப் பாத்துக் காப்பியடிப்பான். கொக்கியைப் படிக்கத் தெரியாம அவனும் அடி வாங்குவான்."

"யாரு சாமி?"

"யோப்ஸ்ட் ஹாஃப்னர்."

அவரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. கூப்பிட நினைத்தோம் என்று தெரிந்தாலே போதும், கூட்டுச்சதி உறுதியாகிவிடும். சாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எழுந்து வந்து, நேராகப் படகுத்துறைக்குப் போய், உப்புப் படகுக்காரன் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

ஹாஃப்னரின் தாள் மே மாதத்தில் வந்தது. இந்தத் தடவை அதில் கேலி இல்லை. கொர்பினியனோடு பெஞ்சில் உட்கார்ந்த நாள் முதல் அவருடைய 'இல்லை' ஒரு கொக்கிதான் என்றும், ஆசிரியர் அதற்காக அவர் விரல் கணுவில் அடித்ததைத் தாம் பார்த்திருப்பதாகவும், அந்தக் கொக்கியைத் தவறவிட்டதற்காக ஒரு மனிதனை அடைத்து வைப்பதானால் முதலில் தம்மைத்தான் அடைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். வரவேற்பு என்று தாம் கேலி செய்ததற்கு வருந்துவதாகவும், கொர்பினியனின் கொள்கையில் ஒரு மாற்றமும் இல்லை, அது வழக்கம் போலத் தவறானதே என்றும் முடித்திருந்தார்.

விசாரணைக்காரர்கள் அதைப் படித்துவிட்டார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் படித்ததாக ஒப்புக்கொள்ள முடியாது. லூத்தர்காரரின் தாள் ஊருக்குள் தனியாக வரக் கூடாதே. மூத்தவர் செபால்டு மாஸ்டரைக் கூப்பிட்டனுப்பி, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்: முறையான மறுப்போடு சேர்ந்து அச்சாகி வந்தால், எந்தத் தாளையும் விசாரணையில் வைத்துப் படிக்கத் தடையில்லை.

மாஸ்டர் ஓடிவந்து சொன்னதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் புருஷனைக் காப்பாற்றுகிற சாட்சியத்தைக் கொர்பினியன் சாமி மறுத்து எழுத வேண்டும். அவர் எழுதியதைப் படிக்கத் தெரிந்தவரோ கோபுரத்தில் இருக்கிறார்.

சாமி அன்றே உட்கார்ந்தார். என்னை எதிரில் உட்கார வைத்தார், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், ஆனால் எல்லாச் சொல்லும் முழுதாக இருக்கும். எதை மறுப்பது என்பதுதான் பெரும் பாடு. பெஞ்சு உண்மை, கொக்கி உண்மை, ஆசிரியர் அடித்ததும் உண்மை.

"ஆசிரியர் இடது கையிலதான் அடிச்சார்னு போடட்டுமா?" என்று கேட்டார் சாமி.

"அது மறுப்பாகுமா சாமி?"

"ஆகும், ஆகும். எங்க சண்டையில பாதி இப்படித்தான்."

அப்படியே போட்டோம். கடைசி வரியில் ஹாஃப்னரின் கொள்கை எப்போதும் போலத் தவறானது என்றும் சேர்த்துக்கொண்டார். அது இல்லாவிட்டால் மறுப்பு முறையாகாது.

கோர்க்க ஆள் இல்லை. செபால்டு மாஸ்டரே பல வருஷத்துக்குப் பிறகு எழுத்துப் பெட்டி முன்னால் நின்றார். கண் மங்கலானவர், ஒவ்வொரு எழுத்தையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக் கோர்த்தார். அதற்குள் கோபுரத்தில் காய்ச்சல் புகுந்துவிட்டது. லியன்ஹார்ட்டின் பக்கத்து அறையில் இருந்தவர் செத்துப்போனார். காவலாளியின் மனைவி இரக்கமுள்ளவள். நான் கொண்டுபோகிற கூழை வாங்கிக்கொள்வாள், சில நாள் கதவின் சின்னத் திறப்பு வழியே பேசவும் விடுவாள்.

ஒரு தடவை அவரிடம் அதைக் கேட்டேன். மனசில் எதையும் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு அந்த ஹாஃப்னர் சொல்றது சரின்னு படுதா?"

"அவர் பத்தியைக் கோக்கிறப்ப அவர் சரின்னு படும் புர்கா. சாமி பத்திக்கு வந்தா சாமி சொல்றதும் சரிதானேன்னு படும். சாயங்காலம் கலைச்சுப் பெட்டியில போட்டா எல்லாம் ஈயம்."

"இதை அவங்ககிட்டச் சொல்லிடாதீங்க."

"சொல்லிட்டேன்," என்றார். "இளையவர் சிரிச்சார். மூத்தவர் எழுதிக்கிட்டார்."

மெய்ப்பு எடுத்ததும் மாஸ்டர் அதை என்னிடம் கொடுத்தார். லியன்ஹார்ட் பார்க்காமல் எதுவும் அச்சேறக் கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம் வந்திருந்தது. மை காயாத தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டு, வெயிலில், ஆற்றங்கரை வழியே கோபுரத்துக்குப் போனேன். அன்று அவரால் நிற்க முடியவில்லை. காவலாளியின் மனைவி கதவையே திறந்துவிட்டு, தான் வெளியே போய் நின்றுகொண்டாள்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தாளை முகத்துக்குக் கிட்டே பிடித்தார். உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் வரிவரியாக ஒழுங்காக நகர்ந்தது. பெரிய எழுத்தை முதலில் பார்த்தார். சாமியின் பதிலில் ஒரு பிழையும் இல்லை. அதற்கு மேல் சின்ன எழுத்துக்கு வந்தார். அங்கே விரல் நின்றுவிட்டது.

"ஹாஃப்னர் பேர்ல ஒரு எழுத்து தலைகீழா நிக்குது பாரு."

பார்த்தேன். பெயரின் நடுவில் ஒரு எழுத்தை மாஸ்டர் கவிழ்த்துப் போட்டிருந்தார். "இப்பவே போய்ச் சொல்றேன். நிமித்திடுவாரு."

"வேணாம்," என்றார். தாளை என்னிடம் கொடுத்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், உதடு வெடித்திருந்ததால் சரியாகத் தெரியவில்லை. "சின்ன எழுத்துல பிழையே இல்லேன்னுதானே என்னைப் பிடிச்சு வச்சிருக்காங்க. ஒண்ணு இருக்கட்டும். அப்பதான் மனுஷன் செஞ்ச வேலைன்னு நம்புவாங்க. மாஸ்டர்கிட்ட அதைத் தொட வேணாம்னு சொல்லு."

நான் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியே அச்சேற்றினார்.

அச்சுத் தாளை ஈரமாகத்தான் அச்சடிப்பார்கள், பிறகு கொடியில் போட்டுக் காய வைக்க வேண்டும். அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. தாள் காயவில்லை. ஈரத் தாளை விசாரணையில் வைக்க முடியாது, மடித்தால் மை ஒட்டிக்கொள்ளும். மாஸ்டர் அடுப்பு மூட்டி, கொடிகளை அடுப்புக்கு மேலே கட்டினார். நானும் கொர்பினியன் சாமியும் தாள்களைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் காவலாளியின் மனைவி மழையில் நனைந்துகொண்டு உள்ளே வந்தாள். அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, காலையில் நான் கொடுத்த கூழ்ச் சட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். சாமி கையிலிருந்த தாளைக் கொடியிலேயே விட்டுவிட்டு என்னோடு நடந்தார். வழி நெடுக என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். யார் யாரைத் தாங்கினோம் என்று எனக்குத் தெரியவில்லை.

தாள் காய்ந்த பிறகு விசாரணைக்காரர்கள் அதை முறைப்படி வாங்கி, முறைப்படி படித்தார்கள். லியன்ஹார்ட்மேல் குற்றம் இல்லை, பிழை கண்ணின் பிழை என்று தீர்ப்பு எழுதினார்கள். இளையவர் அந்தப் பக்கத்தில் விரல் வைத்து, சின்ன எழுத்திலும் பிழை வந்திருக்கிறதே என்று மூத்தவரிடம் காட்டினாராம். மூத்தவர் தலையை ஆட்டினாராம். தீர்ப்பு வந்ததால் அவரைக் கோயில் மண்ணில் அடக்கம் செய்ய முடிந்தது. பூசை வைத்தது கொர்பினியன் சாமி. ரீகன்ஸ்பர்க்கிலிருந்து உப்புப் படகில் ஒரு மெழுகுவர்த்திக் கட்டு வந்தது, அனுப்பியவர் பெயர் இல்லை. லூத்தர்காரர்கள் செத்தவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிற வழக்கம் கிடையாது. சாமி அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஏற்றினார்.

இப்போது நான் செபால்டு மாஸ்டரின் மகனுக்குப் பிரதி எழுதிக் கொடுக்கிறேன். சாமி சொல்லுவார், நான் எழுதுவேன். அவர் கை நடுக்கத்தில் கொக்கிகூட இப்போது விழுவதில்லை. விசுவாசம் மட்டும் போதுமா போதாதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சில மாலைகளில் ஹாஃப்னரின் பத்தியை வாசித்துக் காட்டும்போது, மூக்கால் ஒரு குரல் எனக்கு வந்துவிடுகிறது. சாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மாஸ்டர் கோர்த்த அந்த மறுப்புத் தாளைப் பிறகு இரண்டு தடவை மறுபதிப்புப் போட்டார்கள். மாஸ்டரின் மகன் எல்லாவற்றையும் திருத்துகிறவன். அதை மட்டும் அவன் தொடவில்லை. ஹாஃப்னரின் பெயரில் அந்த எழுத்து இன்னும் தலைகீழாகத்தான் நிற்கிறது.